விரிசலை வெளியே சொல்லாதே

சென்னை மெரினாவை ஒட்டிய மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்துக்கு மீன் வாங்க வருகிற மயிலாப்பூர்க்காரர் எவரும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கூடையை விட்டு நகர மாட்டார். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் குழி விழுந்திருக்கிறதா, வயிற்றை அமுக்கினால் விரல் பதிகிறதா என்று வரிசையாகப் பரிசோதனை நடக்கும். எதிலாவது சந்தேகம் தட்டினால் விலை இறங்கும். "நேத்து மீனாட்டம் இருக்கே" என்று முகத்தைச் சுளித்தால் போதும், வஞ்சிரத்தின் விலை குறையும், கூடவே ஒரு கை நெத்திலி கொசுறாக விழும். குறையைக் கண்டுபிடித்தவருக்கு லாபம், குறையோடு விற்றவருக்கு நஷ்டம். பேரம் என்றால் அதுதான்.

அந்தக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா குடியிருக்கிற, அரசு கட்டிக் கொடுத்த வீட்டுக்கு மட்டும் இந்த நியாயம் தலைகீழ். அவர் வீட்டுக் கூரையில் குறை கண்டுபிடித்தால், கட்டிக் கொடுத்தவருக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. காண்ட்ராக்டரின் பில் என்றைக்கோ பாஸாகிவிட்டது. கையெழுத்துப் போட்ட பொறியாளர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பார். ரிப்பன் வெட்டிய அமைச்சர் வேறு துறைக்கோ வேறு கட்சிக்கோ போயிருப்பார். குறைக்கு விலை கொடுக்க வேண்டிய ஒரே ஆள் அந்த அம்மாதான். மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். மீன் கெட்டுப்போனதற்கு வாங்கினவரை ஊரைவிட்டுத் துரத்துகிற சந்தை இது.

இதே கடலைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தெற்கே எம்.ஆர்.சி. நகரில் ஒருவர் அடுக்குமாடி வீடு வாங்குகிறார் என்று வையுங்கள். சாவி வாங்குவதற்கு முன்பு அவர் ஒரு ஆய்வாளரைக் கூலிக்கு அமர்த்தலாம். அதற்கென்றே கம்பெனிகள் வந்துவிட்டன. ஆய்வாளர் கையில் ஒரு கம்பியோடு வந்து டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். டொக்கு சத்தம் வந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவார். சுவரில் ஈரமானி வைப்பார். குளியலறையில் தண்ணீர் கட்டி நிறுத்திக் கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார்ப்பார். கதவு ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் படம் எடுப்பார். வண்ணப்படங்களோடு ஒரு தடித்த அறிக்கை பில்டரின் மேசைக்குப் போகும். "இதையெல்லாம் சரிசெய், அப்புறம் கடைசித் தவணை." பில்டர் முனகுவார், பாதியைச் செய்வார், மீதிக்கு இழுத்தடிப்பார். இழுத்தடித்தால் சட்டம் இருக்கிறது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது: வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைக் குறையோ சுட்டிக்காட்டப்பட்டால், 30 நாட்களுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். தராவிட்டால் இழப்பீடு.

அருமையான சட்டம். அதில் அரசு அமைப்புகளும் வருகின்றன, விற்பனைக்காகக் கட்டினால். குப்பத்து வீட்டை யாரும் விற்பதில்லை. 'ஒதுக்கீடு' செய்கிறார்கள். கிரயப் பத்திரத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, கையில் ஒரு ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் லேமினேட் செய்து வைத்திருப்பவரிடம் போய் 14-ஆவது பிரிவைப் பற்றிப் பேசினால் அவர் பஸ் நம்பர் என்று நினைத்துக்கொள்வார்.

அங்கே வீட்டு ஆய்வு எப்படி நடக்கும்? ஒரு நாடகமாக எழுதிப் பார்க்கலாம். இடம்: கடற்கரையோரத்தில் மூன்று மாடி பிளாக், இரண்டாவது தளம். பாத்திரங்கள்: ஒரு அரசுப் பொறியாளர், ஃபைலோடு வந்த ஒரு உதவியாளர், வீட்டுக்கார அம்மா. கற்பனைதான். அந்தப் பக்கத்தில் யாரிடமாவது படித்துக் காட்டிவிட்டுக் கற்பனை என்று சொல்லுங்கள், சிரிப்பார்கள்.

"வாங்க சார். மேல பாருங்க, கம்பி தெரியுது."

"எத்தனை பேர் இருக்கீங்க இந்த வீட்ல?"

"ஏழு பேரு. கம்பியப் பாருங்க சார்."

"அலாட்மெண்ட் யார் பேர்ல?"

"மாமியா பேர்ல. அது செத்து எட்டு வருசம் ஆவுது. நேத்து ராத்திரி புள்ள தலமாட்டுல ஒரு சில்லு வுயுந்துச்சி சார், இத்தாத் தண்டி..."

"பேர் மாத்தலையா? அப்ப ரெக்கார்டுபடி நீங்க இங்க இல்லம்மா."

"இல்லாத ஆளு மேல எப்டி சார் சிமிட்டி வுயும்?"

உதவியாளர் எழுதுகிறார்: ஒதுக்கீடுதாரர் வசிக்கவில்லை. வேறு நபர்கள் வசிக்கின்றனர்.

"சார், ரெண்டு மூட்ட சிமிட்டி, ஒரு மேஸ்திரி, ஒரு சித்தாளு. ஒரு நாள் வேல சார்."

"அப்படியெல்லாம் நினைச்சா பண்ண முடியாதும்மா. எஸ்டிமேட் போடணும், மேல அனுப்பணும், நிதி ஒதுக்கணும், டெண்டர் விடணும். அதுக்குள்ள கட்டடமே ஸ்டெபிலிட்டி இல்லைன்னு ரிப்போர்ட் வந்துடும்."

"வந்தா?"

"இடிச்சிட்டுப் புதுசா கட்டித் தருவோம். காலி பண்ணிடணும்."

"எங்க போறது?"

"சொந்தக்காரங்க இருப்பாங்க இல்ல?"

"கீறாங்க சார். பக்கத்து பிளாக்குல. அவங்களையும் காலி பண்ணத்தான் சொல்லிகிறாங்க."

திரை. பொறியாளர் கூரையை ஒரு முறை பார்த்திருப்பார், அதுவும் மின்விசிறி தலையில் இடித்துவிடுமோ என்கிற பயத்தில். ஆட்களை மட்டும் இரண்டு முறை எண்ணியிருப்பார்.

இத்தனைக்கும் கூரை ஏன் பெயர்கிறது என்பதில் மர்மமே கிடையாது. டிப்ளமோ முதலாண்டு மாணவரைக் கேட்டாலும் சொல்வார். கடல் காற்றில் உப்பு வருகிறது. உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளே இருந்து நெட்டித் தள்ளும். முதலில் மயிரிழையில் ஒரு கோடு, அப்புறம் பழுப்பாக ஒரு கறை, அப்புறம் ஒரு உப்பல். கடைசியில் ஒரு நாள் அது தொட்டில் இருக்கிறதா, அடுப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் கீழே வருகிறது.

இதைத் தள்ளிப்போட வழியும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஐ.எஸ். 456 என்கிற இந்தியத் தர விதியை 2000-த்தில் திருத்தி வெளியிட்டபோது, கடலோரச் சூழலில் கம்பிக்கு மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், அலைச் சாரல் படுகிற இடமென்றால் 50 என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தார்கள். கடலைவிட்டுத் தள்ளி, வெயில் மழை படாத சாதாரண இடத்துக்கு 20 போதும். கடலோரக் கூரையில் கம்பி எலும்பும் தோலுமாகத் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தால், எந்த அட்டவணையைப் பார்த்து, அல்லது பார்க்காமல், கட்டினார்கள் என்பதை ஒரு ஸ்கேல் வைத்துச் சொல்லிவிடலாம். கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகை மீதே படுக்கப் போட்டுக் கான்கிரீட் கொட்டினால் அது அன்றைக்கே தன் சாவுக்கு நாள் குறித்துவிடும். அந்த நாளைக் குறித்தவர் வீட்டுக்காரர் இல்லை.

நோயைக் கண்டுபிடிக்கவும் கருவிகள் கொட்டிக் கிடக்கின்றன. சுவரில் அடித்து எகிறுவதைப் பார்க்கும் சுத்தியல் இருக்கிறது. ஒலியலையை உள்ளே அனுப்பிப் பார்க்கும் கருவி இருக்கிறது. எனக்குப் பிடித்தது பினாப்தலீன் சோதனை. உடைத்த கான்கிரீட்டின் மீது அந்தத் திரவத்தைத் தெளித்தால், சத்து உள்ள பகுதி ரோஜா நிறத்தில் சிவக்கும். சத்துப் போன பகுதி வெளிறியே கிடக்கும். கம்பி வரைக்கும் வெளிறியிருந்தால் கம்பிக்குப் பாதுகாப்புப் போய்விட்டது என்று அர்த்தம். கடலோரத்தில் இதோடு உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் அளக்க வேண்டும். கான்கிரீட்டுக்கே வெட்கம் வந்தால் சிவக்கிறது. ஃபைலில் கையெழுத்துப் போட்டவர்கள் மீது தெளித்துப் பார்க்க இன்னும் எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த வீடுகளைக் கட்டிய வாரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கினார்கள். 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அதன் முழக்கம். 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர்ப்பலகையின் பழுது உடனடியாகப் பார்க்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதன் தலைமை அலுவலகம் காமராசர் சாலை, 5-ஆம் எண். சேப்பாக்கத்தில், மெரினாவுக்கு நேர் எதிரே. நொச்சிக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ தூரம். அதே வங்கக் கடல், அதே உப்பு, அதே ஈரக்காற்று. அந்த அலுவலகத்தில் இயக்குநரின் மேசை மீது கூரை உதிர்ந்து ஃபைல் நசுங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. காற்றுக்குப் பதவி தெரியும் போலிருக்கிறது.

தொழில்நுட்பம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதே மெரினாவில், கரையிலிருந்து 360 மீட்டர் தள்ளிக் கடலுக்குள்ளேயே 134 அடி உயரத்தில் கருணாநிதி நினைவாக ஒரு பேனாவை நிறுத்த 81 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். அதற்கு 2023-ல் ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அனுமதியும் வந்தது. அலைக்கு நடுவில் பேனா துருப்பிடிக்காமல் நிற்க வழி தெரிந்தவர்களுக்கு, கரையில் ஒரு குழந்தையின் தலைக்கு மேல் கூரை நிற்க வழி தெரியாதா? தெரியும். அ.தி.மு.க. அன்பர்கள் உடனே கைதட்ட வேண்டாம். ஜெயலலிதா நினைவிடத்தில் அவர்கள் எழுப்பிய ஃபீனிக்ஸ் பறவையும் அதே மணலில், அதே உப்புக்காற்றில், சிறகில் ஒரு கீறல் விழாமல் பளபளத்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கடற்கரையில் பராமரிப்பு என்பது இறந்தவர்களுக்கான சலுகை. உயிரோடு இருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விரிசல் விட்ட வீட்டில் இருப்பவர்கள் ஏன் வரிந்து கட்டிக்கொண்டு புகார் கொடுப்பதில்லை? சாந்தோமில் காபி குடித்துக்கொண்டே கேட்கிறவர்கள் உண்டு. 'அவங்களுக்கே அக்கறை இல்லையே சார்.'

அக்கறை நிறையவே இருக்கிறது. அதைவிட அதிகமாக ஞாபகம் இருக்கிறது. 1985-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மெரினாவை அழகுபடுத்த வேண்டும் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றக் கிளம்பினார்கள். அந்த டிசம்பர் 4-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கியால் சுட்டு மீனவர்கள் செத்தார்கள். அழகுக்காகச் சுட்டது அது. பிறகு பாதுகாப்புக்காக என்று ஒரு காலம் வந்தது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. கடல் வந்து போன மூன்றே மாதத்தில், 2005 மார்ச் 30-ஆம் தேதி, வருவாய்த்துறை அரசாணை 172 வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்களுக்கு அது தந்த தேர்வைப் பாருங்கள். 200 மீட்டருக்கு அப்பால் போகிறாயா, ஒன்றரை லட்சம் மதிப்பில் புது வீடு இலவசம். இங்கேயே இருக்கிறாயா, தாராளமாக இரு, உன் செலவில் பழுது பார்த்துக்கொள், அரசிடமிருந்து ஒரு உதவியும் கிடையாது.

பழுதுபார்ப்புக்கான பேரம் என்றால் தமிழ்நாட்டுக் கடற்கரையில் அதன் அசல் வாசகம் இதுதான். கூரைக்கு ஓடு கேட்டால் ஊரைக் கொடு என்றார்கள். நகரத்துக் குப்பங்களிலிருந்து பலர் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் போனார்கள். செம்மஞ்சேரியிலிருந்து மெரினாவுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை மூன்று மணிக்குக் காற்றின் திசை பார்த்துக் கடலுக்குக் கிளம்புகிறவருக்கு, முதல் பஸ் எப்போது என்று பார்க்கச் சொன்னது அரசு. நொச்சிக்குப்பத்துக்காரர்கள் பிடிவாதமாக இங்கேயே நின்றார்கள். உலக வங்கிக் கடனில் வந்த சுனாமி மறுசீரமைப்புத் திட்டத்தில் பழைய பிளாக்குகள் போய்ப் புதியவை எழும்பின. அந்தப் புதிய பிளாக்குகளின் மீதும் அதே காற்றுதான் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது. சம்பளம் வாங்காமல், விடுமுறை எடுக்காமல் வேலை செய்கிற ஒரே துறை அது.

ஆகவே, விரிசல் என்பது அங்கே ஒரு ரகசியம். யாராவது டை கட்டிக்கொண்டு வந்து கூரையைப் படம் எடுத்தால் அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். 'கட்டடம் வசிக்கத் தகுதியற்றது' என்று ஒரு தாள் வரும். அந்தத் தாளுக்குப் பின்னால் ஆள் எண்ணுகிறவர்கள் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் 'தற்காலிகமாக' என்கிற சொல் வரும். எனவே கடலுக்குப் போகாத நாளில், உள்ளூர்க் கொத்தனாரைக் கூப்பிட்டு உப்பலைத் தட்டி எடுத்துவிட்டு, துருவின் மேலேயே ஒரு கை சிமெண்ட்டை அப்பி, அதன் மேல் நீலச் சுண்ணாம்பு ஒரு கோட் அடிக்கிறார்கள். கம்பியைச் சுரண்டித் துருவை எடுக்காமல் பூசினால் அது ஒரு மழைகூடத் தாங்காது என்று அந்தக் கொத்தனாருக்கும் தெரியும். ஆனால் பார்வைக்கு விரிசல் இருக்காது. தன் வீட்டில் பழுது இருப்பதை அரசாங்கத்திடமிருந்து மறைப்பதற்காகத் தன் கைக்காசைச் செலவழிக்கிற ஜனங்களை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்? உள்ளே படுத்தால் கூரை விழும், வெளியே சொன்னால் வீடே போகும். எதை முதலில் எதிர்கொள்வது என்பதுதான் அவர்களுக்கு விட்டுவைத்திருக்கிற சுதந்திரம்.

அவர்கள் பயம் வீண் என்று சொல்கிறவர்களுக்காக மூன்று இடங்களுக்குப் போய்வருவோம்.

முதலில் புளியந்தோப்பு கே.பி. பார்க். 2021 ஆகஸ்டில் நாடே பார்த்தது. புத்தம்புதிய அடுக்குமாடிகள், இரண்டு கட்டமாக 1,920 வீடுகள். குடிவந்தவர்கள் சுவரில் ஆணி அடிக்கவில்லை, சுத்தியல் எடுக்கவில்லை. விரலால் வழித்தார்கள். பூச்சு விபூதியாகக் கையோடு வந்தது. 'தொட்டாலே உதிரும் கட்டடம்' என்று பெயர் வாங்கியது. ஐஐடி சென்னையின் வல்லுநர்கள் வந்து ஆய்வு செய்தார்கள். விரல் சொன்னதைக் கருவியும் சொன்னது. இரண்டு பொறியாளர்கள் பணியிடை நீக்கம் ஆனார்கள். முந்தைய ஆட்சியில் கட்டியது என்று அப்போதைய ஆட்சி சொன்னது. சட்டமன்றத்தில் ஒரு நாள் சூடு பறந்தது. பழைய வீட்டை இடித்தபோது 'புதுசா நல்லதா வரும்' என்று நம்பித் தகரக் கொட்டகையில் வெயிலைத் தின்றவர்களிடம் பயனாளி பங்குத் தொகை கட்டச் சொல்லியிருந்தார்கள் என்பதுதான் அதில் உச்சம். உதிர்கிற சுவரில் பங்கு.

அடுத்தது திருவொற்றியூர் அரிவாக்குளம். 2021 டிசம்பர் 27. சுனாமி நினைவு நாளுக்கு மறுநாள். முப்பது வயதுகூட நிறையாத ஒரு பிளாக், 24 வீடுகளோடு, காலை நேரத்தில் உட்கார்ந்துவிட்டது. விரிசல் பெரிதாவதைக் கண்டு அக்கம்பக்கத்தார் கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் வெளியே இழுத்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அன்றைக்கு நடந்தது உலகத்தரமான கட்டட ஆய்வு. கருவி: கண். அறிக்கை: "ஓடுங்க!" மறுநாளிலிருந்து பழைய குடியிருப்புகளையெல்லாம் ஆய்வு செய்ய உத்தரவு பறந்தது. குடும்பத்துக்கு ஒரு லட்சம் நிவாரணம் அறிவித்தார்கள். விழுந்த பிறகு கொடுக்கிற லட்சத்தில் பத்தில் ஒரு பங்கை விழுவதற்கு முன் கூரைக்குக் கொடுக்க எந்தக் கணக்குத் தலைப்பிலும் இடம் இல்லை.

மூன்றாவது இடத்துக்கு நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்தே போகலாம். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம். 2024 டிசம்பரில், வாரியக் குடியிருப்பின் மேல்தளத்திலிருந்து ஜன்னல் சிலாப் பெயர்ந்து விழுந்து, கீழே நின்றிருந்த ஒரு இளைஞர் செத்துப்போனார். ஜனங்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பழுதடைந்த கட்டடம் என்று அதிகாரிகளுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தே இருந்தது. 'காலி செய்யச் சொல்லியிருந்தோம்' என்கிற பதில் இப்படிப்பட்ட ஒவ்வொரு சாவுக்கும் தயாராகவே இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் ஆய்வே நடக்கிறது என்று நான் சந்தேகப்படுகிறேன். ஆய்வறிக்கை கட்டடத்தைக் காப்பாற்றுவதில்லை, கையெழுத்துப் போட்டவரைக் காப்பாற்றுகிறது. நோட்டீஸை ஒட்டியாகிவிட்டது, இனி விழுந்தால் அது விழுந்தவன் தலையெழுத்து.

சரி, காலி செய்தால் என்ன கொடுக்கிறார்கள்? மறுகட்டுமானம் முடியும்வரை வெளியே தங்குவதற்கு 8,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2021-க்குப் பிறகு வந்த ஆட்சியில் அதை 24,000 ஆக உயர்த்தினார்கள். மாதாமாதம் என்று நினைத்துவிடாதீர்கள், மொத்தமாக. ஒன்றரை ஆண்டில் கட்டி முடிப்போம் என்பது வழக்கமான வாக்கு. அதை அப்படியே நம்பினாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய் வருகிறது. மயிலாப்பூரில், மந்தைவெளியில், சாந்தோமில் 1,333 ரூபாய்க்கு ஒரு வீடு காட்டுங்கள். வீடு வேண்டாம், பைக் நிறுத்த இடம் காட்டுங்கள். கடலைவிட்டு விலகவும் முடியாது. வலையும் என்ஜினும் கரையில் கிடக்கின்றன, மீன் விற்கும் இடம் லூப் சாலையில் இருக்கிறது, பிள்ளையின் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில். ஒன்றரை ஆண்டு மூன்றாகும், மூன்று ஐந்தாகும். டெண்டர் ரத்தாகும், காண்ட்ராக்டர் மாறுவார், தேர்தல் வரும். வாடகை மட்டும் தவறாமல் ஒன்றாம் தேதி வரும். இந்த 24,000-க்குக் கோப்பில் என்ன பெயர் தெரியுமா? கருணைத் தொகை.

பராமரிப்புக்கும் திட்டம் இருக்கிறது. 'நம் குடியிருப்பு, நம் பொறுப்பு' என்று பெயர். குடியிருப்போர் சங்கம் அமைத்துச் சந்தா வசூலித்தால் அரசும் தன் பங்கைப் போடும். மாடிப்படியைப் பெருக்கவும் மோட்டாரைப் பழுதுபார்க்கவும் நல்ல யோசனைதான். எம்.ஆர்.சி. நகரில்கூடச் சங்கம் அதைத்தான் செய்கிறது. ஆனால் 20 மில்லிமீட்டர் மூடாக்கில் கம்பியைப் புதைத்தது எந்தச் சங்கம்? கட்டும்போது நம் பேச்சை யாரும் கேட்கவில்லை, காண்ட்ராக்டரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, மணலில் உப்பு இருந்ததா என்று யாரும் நம்மைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. விழுகிற சமயத்தில் மட்டும் குடியிருப்பு நம்முடையதாகிவிட்டது. மனை மட்டும் எப்போதுமே வாரியத்தினுடையது.

மனை என்றதும் நினைவுக்கு வருகிறது. நொச்சிக்குப்பத்தின் மண் சதுர அடிக்கு என்ன விலை போகும் என்று எந்தப் புரோக்கரிடமும் கேளுங்கள், குரல் தாழ்ந்துவிடும். கடல் பார்த்த மனை, சாந்தோமுக்குப் பக்கம், கலங்கரை விளக்கத்தருகே மெட்ரோ. அந்த மண்ணின் மீது ஏழைகள் குடியிருக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டடங்களின் ஆகப்பெரிய 'ஸ்ட்ரக்சுரல் டிஃபெக்ட்'. கூரை விழுகிறதே என்று அதிகாரிகள் கண்ணீர் விடும்போது ஆடு நனைகிற கதை குப்பத்துக்காரர்களுக்கு ஞாபகம் வந்தால் தப்பா? ஓநாய் அழுதது உண்மையாகவே இருக்கட்டும். அதை நிரூபிக்க வழி இருக்கிறது.

ஆய்வறிக்கையைப் பூட்டி வைக்காமல் அந்தந்த பிளாக்கின் படிக்கட்டில் தமிழில் ஒட்டட்டும். எந்தத் தூண், எந்தக் கூரை, எத்தனை மில்லிமீட்டர் என்று. கம்பியைச் சுரண்டிப் பழுதுபார்த்தால் எத்தனை ஆண்டு நிற்கும், அதற்கு எவ்வளவு செலவு, இடித்துக் கட்டினால் எவ்வளவு என்று இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போடட்டும். இடிப்பதுதான் சரியென்றால், யார் யாருக்கு இதே இடத்தில், எந்தத் தளத்தில், எந்தத் தேதிக்குள் வீடு என்று பெயர் போட்டு, செத்துப்போன மாமியாரின் பெயரை மருமகளுக்கு மாற்றிக் கொடுத்து, முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஜேசிபியைக் கூப்பிடட்டும். தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் சாந்தோம் வாடகை. எம்.ஆர்.சி. நகரில் கேட்டால் இவற்றுக்குப் பெயர் ஒப்பந்தம். இங்கே கேட்டால் பிடிவாதம், பின்னணியில் யாரோ தூண்டிவிடுகிறார்கள்.

இதெல்லாம் ஆகாது, விதிகளில் இடமில்லை என்று பதில் வந்தால், குப்பத்து ஜனங்கள் சார்பில் என்னிடம் ஒரு மாற்று யோசனை இருக்கிறது. பழுதுபார்ப்பு முடியும்வரை குடும்பங்கள் காமராசர் சாலை 5-ஆம் எண்ணுக்குக் குடிபோகட்டும். கடல் தெரியும், கட்டுமரத்துக்கும் பெரிய தூரமில்லை, கூரையும் உறுதி. வாரியம் தன் ஃபைல்களோடு குப்பத்து பிளாக்குகளுக்கு வந்து உட்காரட்டும். நிர்வாக இயக்குநருக்கு மேல்மாடியில், கம்பி தெரிகிற அறை. தலைமைப் பொறியாளருக்கு ஜன்னல் சிலாபுக்கு நேர் கீழே மேசை. ஐப்பசி மழைக்கு முன்பே எஸ்டிமேட் ஆகி, சேங்ஷன் ஆகி, டெண்டர் ஆகி, மேஸ்திரி சாரத்தில் ஏறியிருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இடம் மாறுகிற செலவுக்கு வாரியத்துக்கும் அதே 24,000 ரூபாயைக் கொடுத்துவிடலாம், ஒன்றரை ஆண்டுக்கும் சேர்த்து. பெரிய தொகைதான். ஆனால் கருணை என்று வந்துவிட்ட பிறகு கணக்குப் பார்க்கக் கூடாது.